கிரயப் பத்திரத்தில் ‘சகல பாத்தியங்களும்’: பாதை, கிணறு, குழாய், மின் இணைப்பு ஆகியவற்றை எழுத்தில் பெறுவது எப்படி?

தமிழ்நாட்டில் எழுதப்படும் கிரயப் பத்திரங்களில், சொத்து விவரம் முடியும் இடத்தில் ‘மேற்படி சொத்தும், அதைச் சார்ந்த சகல பாத்தியங்களும், மாமூல் வழிநடைப் பாத்தியமும் சகிதம்’ என்பது போன்ற ஒரு வரி தவறாமல் இருக்கும். முதன்முறையாக நிலம் வாங்குபவர்களில் பலர், பாதை, கிணற்றுப் பங்கு, வாய்க்கால் தண்ணீர், மோட்டார், மின் இணைப்பு ஆகிய எல்லாமே அந்த ஒரே வரியில் தம்மிடம் வந்துவிட்டதாக எண்ணிக் கையெழுத்திடுகிறார்கள். எங்கள் குடும்பம் வாங்கிய புஞ்சை நிலத்துக்குப் பாதையும் கிணற்றுப் பங்கும் முறையான எழுத்தாக வந்து சேர்வதற்குள் பட்ட அலைச்சல் பெரிது. அடுத்து வாங்குபவர் அந்த அலைச்சலைப் படக்கூடாது என்பதற்காகவே, என்னென்ன பார்க்க வேண்டும், எதை எப்படி எழுத வேண்டும், எவ்வளவு செலவாகும் என்பதை வரிசைப்படுத்தித் தருகிறேன்.

1. அந்த வரி எதைத் தரும், எதைத் தராது

சொத்துரிமை மாற்றுச் சட்டம், 1882இன் 8ஆம் பிரிவைத் தெரிந்துகொள்வதுதான் முதல் வேலை. வேறு நோக்கம் பத்திரத்தில் வெளிப்படையாகவோ உட்பொருளாகவோ இல்லாதவரை, நிலத்தை விற்றால் அந்த நிலத்தோடு இணைந்த வசதியுரிமைகளும் (பாதை, தண்ணீர் போன்றவற்றுக்காக அடுத்தவர் நிலத்தின்மீது உள்ள உரிமைகளும்), விற்பனைக்குப் பிறகு சேரும் வாடகையும் வருமானமும், மண்ணோடு பிணைந்திருக்கும் பொருள்களும் சேர்ந்தே வாங்குபவரிடம் போகும் என்று அது கூறுகிறது. வீட்டை விற்றால் பூட்டு, சாவி, தாழ்ப்பாள், கதவு, சன்னல், மற்றும் வீட்டின் நிலையான பயன்பாட்டுக்காக வைக்கப்பட்ட பொருள்களும் உடன் போகும். ஆகவே ‘சகல பாத்தியங்களும்’ என்ற வரி இல்லாவிட்டாலும் இவை உங்களுக்கு வரும்.

ஆனால் விற்பவரிடம் ஏற்கெனவே இருக்கும் உரிமையை மட்டுமே அந்த வரி உங்களுக்குக் கடத்தும். இல்லாத உரிமையை அது உருவாக்காது. பக்கத்து நிலத்துக்காரர் பழக்கத்தின் பேரில் ‘போய்வாருங்கள்’ என்று விட்டிருந்த வழி, வெறும் அனுமதி. வசதியுரிமைச் சட்டம், 1882இன்படி அத்தகைய அனுமதி பொதுவாக ஒருவர் மற்றொருவருக்கு மாற்றித் தரக்கூடியதன்று. அனுமதி கொடுத்தவர் தம் நிலத்தை விற்றுவிட்டால், அதை வாங்கியவரையும் அது கட்டுப்படுத்தாது. விற்பவர் நாற்பது ஆண்டுகளாக அவ்வழியே நடந்திருந்தாலும், அது உரிமையாக நடந்த நடையா, தயவில் நடந்த நடையா என்பதே கேள்வி.

சில பழைய பத்திரங்களில் ‘நிதி, நிட்சேபம், ஜலம், தரு, பாஷாணம்’ (புதையல், புதைத்துவைத்த பொருள், தண்ணீர், மரம், கல்) என்று ஒரு வாய்பாடு வரும். அதைப் பார்த்து மயங்க வேண்டாம். 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தால் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற 1878ஆம் ஆண்டுச் சட்டம், உங்கள் பத்திரத்தில் ‘நிதி நிட்சேபம்’ என்று எழுதியிருப்பதால் மாறிவிடாது. ‘ஜலம்’ என்ற சொல் அடுத்த சர்வே எண்ணில் இருக்கும் கிணற்றில் உங்களுக்குப் பங்கு தந்துவிடாது.

2. முன்பணம் கொடுக்கும் முன் நிலத்தைச் சுற்றி நடந்து பட்டியல் எழுதுங்கள்

பொதுச் சாலையிலிருந்து நிலத்துக்குள் காலடி வைக்கும் இடம் வரை நடந்து செல்லுங்கள். அந்த வழியில் எத்தனை பேருடைய நிலம் குறுக்கிடுகிறது, எந்த இடத்தில் வண்டி திரும்புகிறது, எங்கே வரப்பு மட்டும்தான் இருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். தண்ணீர் எந்தக் கிணற்றிலிருந்து, எந்தக் குழாய் அல்லது வாய்க்கால் வழியாக வருகிறது என்பதைக் கிணற்றடியிலிருந்து வயல் வரை பின்தொடர்ந்து பாருங்கள். மழைநீர் எந்தப் பக்கம் வடிகிறது, மின்கம்பி யாருடைய நிலத்தைத் தாண்டி வருகிறது என்பவையும் பட்டியலில் வேண்டும். வீடாக இருந்தால், பொதுச்சுவர், கழிவுநீர்க் குழாய், அடுத்த மனையின் பக்கம் நீண்டிருக்கும் கூரைச் சாய்ப்பு, காற்றும் வெளிச்சமும் வரும் சன்னல் ஆகியவற்றைப் பாருங்கள்.

விற்பவர் உடன் வந்தால் நல்லது. ஆனால் அவர் வாய்மொழியை மட்டும் எழுதிக்கொள்ள வேண்டாம். வழியில் இருக்கும் பக்கத்து நிலத்துக்காரரிடம் ‘இந்த வழி யாருடையது?’ என்று நேரில் கேளுங்கள். அவர் பதிலில் தெரியும் தயக்கமே பல நேரங்களில் உங்களுக்குத் தேவையான எச்சரிக்கை.

3. பட்டியலில் உள்ள ஒவ்வொன்றுக்கும் உரிய ஆவணத்தைத் தேடுங்கள்

உங்கள் நிலத்துக்கு மட்டுமன்றி, பாதையும் கிணறும் இருக்கும் சர்வே எண்களுக்கும் ஆவணங்களைப் பார்க்க வேண்டும் என்பதை நினைவில் வையுங்கள். பெரும்பாலோர் விட்டுவிடும் வேலை இதுதான்.

புலப்படம்: இது சர்வே எண்ணின் எல்லையையும் அளவுகளையும் காட்டும் வரைபடம். கிராம நிலங்களுக்கு உரிய புலப்படத்தைத் தமிழக அரசின் மின்சேவைத் தளத்தில் பட்டா, சிட்டாவோடு சேர்த்துக் கட்டணமின்றி எடுக்கலாம். வண்டிப்பாதை, வாய்க்கால், கிணறு ஆகியவை புலப்படத்தில் குறிக்கப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள்.

அ-பதிவேடு: இது கிராமத்தின் ஒவ்வொரு சர்வே எண்ணும் என்ன வகை நிலம் என்று காட்டும் வருவாய்த்துறைப் பதிவேடு. வழி என்று காட்டப்படும் துண்டு நிலம் வண்டிப்பாதைப் புறம்போக்கா, வாய்க்கால் புறம்போக்கா, தனியார் பட்டா நிலமா என்பது இதில் தெரியும். வண்டிப்பாதைப் புறம்போக்கு என்றால் கவலை குறைவு. வாய்க்கால் புறம்போக்கு என்றால் எச்சரிக்கை. வாய்க்கால் கரையில் இன்று வண்டி ஓடுகிறது என்பதால் அது பாதையாகிவிடாது, நாளை ஆக்கிரமிப்பு அகற்றம் என்று வந்தால் உங்கள் வழி அடைபடும்.

தாய்ப்பத்திரமும் (சொத்து விற்பவரிடம் வந்த முந்தைய பத்திரமும்) பாகப்பிரிவினைப் பத்திரமும்: அண்ணன் தம்பிகள் பாகம் பிரித்துக்கொண்ட பத்திரங்களில்தான் பொதுக்கிணறு, பொதுப்பாதை பற்றிய விவரம் பெரும்பாலும் இருக்கும். விற்பவருடைய பத்திரத்தில் ஒரு வரியாக இருப்பது, பாகப்பிரிவினையில் அளவுகளோடு இருக்கக்கூடும். அந்தப் பத்திரத்தின் எல்லாப் பக்கங்களையும், உங்களுக்குத் தொடர்பில்லாத பங்காளியின் சொத்து விவரத்தையும் சேர்த்துப் படியுங்கள். ‘இந்தச் சொத்தின் வழியாக மேற்கே உள்ள பாகத்துக்காரர் செல்லும் பாத்தியம் உண்டு’ என்ற வரி அங்கேதான் கிடைக்கும்.

வில்லங்கச் சான்று (சொத்தின்மீது பதிவான விற்பனை, அடமானம் முதலியவற்றின் பட்டியல்): பதிவுத்துறையின் இணையதளத்தில் வில்லங்க விவரத்தைக் கட்டணமின்றிப் பார்க்கலாம், சான்றிட்ட நகலுக்கு மட்டும் கட்டணம் உண்டு. குறைந்தது 30 ஆண்டுகளுக்குப் பாருங்கள். பாதை செல்லும் பக்கத்து சர்வே எண்ணுக்கும் தனியாகத் தேடுங்கள்.

4. பாதையை அளவோடும் பயன்பாட்டோடும் எழுதுங்கள்

‘வழிநடைப் பாத்தியம்’ என்று எழுதினால் நடந்து போகும் உரிமைதான் கிடைக்கும். ஒரு வகையான வழியுரிமை வேறு வகையான வழியுரிமையை உள்ளடக்காது என்று வசதியுரிமைச் சட்டத்தின் 28ஆம் பிரிவு கூறுகிறது. நடைபாதைப் பாத்தியத்தை வைத்துக்கொண்டு டிராக்டர் ஓட்டவோ, குழாய் புதைக்கவோ, மின்கம்பம் நடவோ கேட்டால், மறுப்பவர் பக்கம்தான் சட்டம் நிற்கும். ‘மாமூல் பாதை’ என்ற சொல்லும் அப்படித்தான். அகலம் எவ்வளவு என்று எழுதாத மாமூல் பாதை, ஒவ்வோர் ஆண்டு உழவின்போதும் ஓரடி சுருங்குவதை எந்தக் கிராமத்திலும் காணலாம்.

ஆகவே சர்வே எண், இடம், நீளம், அகலம், பயன்பாடு ஆகிய ஐந்தும் வரும்படி எழுதுங்கள். கீழே உள்ள எண்கள் எடுத்துக்காட்டுக்காக மட்டும்:

‘மேற்படி சொத்துக்குச் சென்றுவர, அதே கிராமம் சர்வே எண் 112/3இன் தென்கடைசியில், கிழக்கே உள்ள ஊராட்சிச் சாலையில் தொடங்கி மேற்கே மேற்படி சொத்து வரை, தென்வடல் 12 அடி அகலமும் கிழமேல் 240 அடி நீளமும் உள்ள பாதையில், ஆட்கள், கால்நடை, வண்டி, டிராக்டர், கனரக வாகனங்களுடன் எக்காலமும் சென்றுவரவும், அப்பாதையின் அடியில் தண்ணீர்க் குழாயும் மின்கம்பியும் புதைத்துப் பழுதுபார்த்துக்கொள்ளவும் உள்ள பாத்தியம் சகிதம்.’

இந்த வாசகத்தை எழுதிக்கொடுக்க யாருக்கு அதிகாரம் உண்டு என்பதே அடுத்த கேள்வி. சர்வே எண் 112/3 விற்பவருடையதாகவே இருந்தால், அதே கிரயப் பத்திரத்தில் எழுதிவிடலாம். வேறொருவருடையது என்றால், அவர் கையெழுத்திடாத பத்திரத்தில் எத்தனை அழகாக எழுதினாலும் அவரை அது கட்டுப்படுத்தாது. அவரே தனியாகப் பாதைப் பாத்தியப் பத்திரம் எழுதிப் பதிவு செய்துதர வேண்டும், அல்லது பாதைக்குரிய நிலத்தில் பிரிபடாத பாகத்தை (தனியே பிரித்துக் காட்டாத கூட்டுப் பங்கை) உங்களுக்குக் கிரயம் செய்துதர வேண்டும். இரண்டில், பணம் இடங்கொடுத்தால், பிரிபடாத பாகத்தை வாங்குவதையே நான் பரிந்துரைப்பேன். பட்டாவில் கூட்டாகப் பெயர் ஏறும் என்பதால் பின்னாளில் விற்கும்போதும், வங்கிக் கடன் கேட்கும்போதும் விளக்கம் சொல்லும் தொல்லை குறையும். பதிவுச் சட்டம், 1908இல் அசையாச் சொத்து என்பதன் பொருளிலேயே வழியுரிமை அடங்குவதால், வெறும் முத்திரைத்தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிப் பெட்டியில் வைப்பது போதாது.

இங்கே பலரும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. பாதை இருக்கும் சர்வே எண்ணையும் பத்திரத்தின் சொத்து விவரத்தில் தனி அயிட்டமாகச் சேர்த்து, பதிவின்போது இணையத்தில் உள்ளிடும் விவரத்திலும் அது ஏறும்படி செய்யுங்கள். பத்திரத்தின் உடற்பகுதியில் மட்டும் எழுதி, சொத்து விவரத்தில் உங்கள் சர்வே எண்ணை மட்டும் கொடுத்தால், பக்கத்து நிலத்தை நாளை வாங்க வருபவர் அந்த சர்வே எண்ணுக்கு வில்லங்கம் போட்டுப் பார்க்கும்போது உங்கள் பாதை தெரியாது. ‘எனக்குத் தெரியாது’ என்று அவர் சொல்லும் வாய்ப்பை நீங்களே ஏற்படுத்திக் கொடுக்க வேண்டியதில்லை.

எழுத்து எதுவும் இல்லை, ஆனால் நெடுங்காலமாக வழி பயன்பாட்டில் இருக்கிறது என்றால் என்ன செய்வது? வெளிப்படையாக, அமைதியாக, உரிமையாக, இடையறாமல் 20 ஆண்டுகள் அனுபவித்தால் வழியுரிமை உண்டாகும் என்று வசதியுரிமைச் சட்டத்தின் 15ஆம் பிரிவு சொல்கிறது; அரசு நிலமாக இருந்தால் 30 ஆண்டுகள். ஆயினும் அந்த உரிமை நீதிமன்றத்தில் நிரூபிக்கப்பட்ட பிறகே உறுதியாகும். வழக்குத் தொடர்வதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளுக்குள் அந்தக் காலம் முடிந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் உண்டு, அதாவது வழி அடைக்கப்பட்ட பின் வெறுமனே காத்திருந்தால் வாய்ப்பு நழுவும். வேறு வழியே இல்லாததால் கிடைக்கும் அவசியப் பாதை உரிமையும் உண்டு. ஆனால் வேறு வழி கிடைத்ததும் அந்த உரிமை மறைந்துவிடும். இந்த இரண்டையும் நம்பி நிலம் வாங்காதீர்கள். ஏற்கெனவே வாங்கி மாட்டிக்கொண்டவர் வழக்கறிஞரிடம் எடுத்துச் செல்ல வேண்டிய வாதங்கள் அவை.

5. கிணறும் மோட்டாரும் மின் இணைப்பும் மூன்று தனித்தனி விஷயங்கள்

கூட்டுக் கிணறு என்றால், கிணறு இருக்கும் சர்வே எண், உங்களுக்கு வரும் பாகம், முறை ஆகிய மூன்றையும் எழுதுங்கள். ‘கிணற்றில் பாதி’ என்று மட்டும் எழுதினால், எந்தெந்த நாள் யார் தண்ணீர் இறைப்பது என்ற சண்டை முதல் கோடையிலேயே வந்துவிடும். வாரத்தில் எந்த நாள்கள், எந்த நேரம் முதல் எந்த நேரம் வரை என்று எழுதுங்கள். கிணற்றடிக்குச் செல்லும் வழி, மோட்டார் அறை இருக்கும் இடம், அங்கிருந்து உங்கள் நிலம் வரை குழாய் வரும் தடம் ஆகியவையும் பத்திரத்தில் வர வேண்டும். உரிமையை முழுமையாக அனுபவிக்கத் தேவையான துணை உரிமைகளை, எடுத்துக்காட்டாகப் பக்கத்து நிலத்தில் பதித்த குழாயைப் பழுதுபார்க்க உள்ளே சென்று தோண்டும் உரிமையை, வசதியுரிமைச் சட்டத்தின் 24ஆம் பிரிவு ஏற்றுக்கொள்கிறது. ஆனால் அதற்கான செலவு உங்களுடையது என்று 25ஆம் பிரிவு சொல்கிறது. தூர்வாரும் செலவைப் பங்குதாரர்கள் எப்படிப் பகிர்வது என்பதையும் இப்போதே எழுதிவிடுங்கள்.

மின் இணைப்பு, நிலத்தோடு தானாக வராது. பத்திரத்தில் இணைப்பு எண்ணைக் குறிப்பிட்டு ‘மேற்படி மின் இணைப்பும் அதன் வைப்புத்தொகையும் சகிதம்’ என்று எழுதுங்கள். அதன் பிறகு மின்வாரியத்தில் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பியுங்கள். பத்திர நகலோடு, பழைய உரிமையாளரின் சம்மதக் கடிதம் கேட்கப்படும். அந்தக் கடிதத்தில் பதிவு நாளன்றே கையெழுத்து வாங்கிவிடுங்கள். பணம் முழுவதும் கைமாறிய பிறகு அதற்காக அவரைத் தேடி அலைவது வேதனையானது. விவசாய இணைப்பாக இருந்தால் நிலமும் கிணறும் யாருடையவை என்பதற்குக் கிராம நிர்வாக அலுவலரின் சான்றும், கூட்டுக் கிணற்றில் மற்றப் பங்குதாரரின் சம்மதமும் தேவைப்படும். நிலுவைத் தொகை இல்லை என்பதைக் கடைசி ரசீதைப் பார்த்து உறுதிசெய்யுங்கள்.

6. மரம், பயிர், வாடகை, தாய்ப்பத்திரம்

மரங்களை வகையும் எண்ணிக்கையும் சொல்லி எழுதுங்கள். ‘மர வகையறாக்கள்’ என்ற சொல்லின் கீழ், பதிவுக்கு முந்தைய வாரம் வெட்டிச் செல்லப்பட்ட தேக்கைத் திரும்பக் கேட்க முடியாது. நிலத்தில் பயிர் நின்றால் அறுவடை யாருடையது என்று ஒரு வரி போதும். வாடகைக்கு ஆள் இருந்தால், அவர் கொடுத்துவைத்த முன்பணம் விற்பவர் கையில் இருக்கிறது என்பதை மறக்காமல், கிரயத் தொகையில் கழித்துக்கொள்ளுங்கள்.

தாய்ப்பத்திரங்களும் சொத்தைச் சார்ந்தவைதாம். முழு விலையும் பெற்றபின் விற்பவர் தம்மிடம் உள்ள மூல ஆவணங்களை ஒப்படைக்க வேண்டும். ஆனால் அந்த ஆவணங்களில் அடங்கிய சொத்தில் ஒரு பகுதியை அவர் வைத்துக்கொண்டால், மூலத்தை அவரே வைத்துக்கொள்ளலாம். அப்படியானால் சான்றிட்ட நகலைப் பெற்று, தேவைப்படும்போது மூலத்தைக் காட்டுவார் என்று பத்திரத்தில் எழுதுங்கள்.

அடுக்குமாடி வீடு வாங்குபவருக்கு ஒரே ஒரு சொல்: பிரிபடாத பாகத்தின் அளவையும், வாகன நிறுத்துமிடம் எந்த அடிப்படையில் தரப்படுகிறது என்பதையும் பாருங்கள். திறந்தவெளி நிறுத்துமிடமும் மொட்டைமாடியும் 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டப்படி பொதுப்பகுதிகள். அவற்றைத் தனியே விற்பதாக யாராவது தொகை கேட்டால் வழக்கறிஞரைப் பாருங்கள்.

7. உடன்படிக்கையிலேயே எழுதத் தொடங்குங்கள்

தமிழ்நாட்டில் கிரய உடன்படிக்கையும் கட்டாயம் பதிவு செய்ய வேண்டிய ஆவணம். மேலே சொன்ன பட்டியலை உடன்படிக்கையிலேயே சேர்த்து, பக்கத்து நிலத்துக்காரரின் பாதைப் பத்திரம் கிரயத்துக்கு முன்போ அதே நாளிலோ முடிய வேண்டும் என்று நிபந்தனை வையுங்கள். முன்பணம் கைமாறும்வரை உங்களுக்கு இருக்கும் பேச்சுப் பலம், அதன் பிறகு இருக்காது. பாதை முடிந்த பிறகே மீதித் தொகை என்ற முறை சற்றுக் காலதாமதத்தை உண்டாக்கும். அந்தத் தாமதத்தை ஏற்றுக்கொள்ளுங்கள்.

8. செலவு

கிரயத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். பத்திரத்தில் காட்டும் விலை, அரசு நிர்ணயித்த வழிகாட்டி மதிப்பு ஆகியவற்றில் எது அதிகமோ அதன்மீது கணக்கிடப்படும். 20 லட்சம் ரூபாய்ச் சொத்துக்குத் தீர்வை 1,40,000 ரூபாயும் கட்டணம் 40,000 ரூபாயுமாக 1,80,000 ரூபாய் ஆகும். 2025 ஏப்ரல் 1 முதல், 10 லட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண்கள் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு.

கிணறு, பம்புசெட், கட்டடம், மரங்கள் இருப்பதை மறைத்து வெறும் நிலமாகக் காட்டினால் தீர்வை குறையும் என்று சிலர் யோசனை சொல்வார்கள். அதைக் கேட்காதீர்கள். தீர்வையைப் பாதிக்கும் விவரங்கள் அனைத்தையும் உண்மையாக எழுத வேண்டும் என்று முத்திரைச் சட்டத்தின் 27ஆம் பிரிவு கட்டளையிடுகிறது. மதிப்பில் ஐயம் ஏற்பட்டால் 47-அ பிரிவின்கீழ் கோப்பு முத்திரைப் பிரிவுத் துணை ஆட்சியருக்குப் போகும், ஆவணமும் கைக்கு வரத் தாமதமாகும். அதைவிட முக்கியமானது, பத்திரத்தில் இல்லை என்று நீங்களே எழுதிய கிணற்றுக்குப் பின்னாளில் உரிமை கோரி நிற்க வேண்டிவரும்.

பக்கத்துக்காரரிடம் பிரிபடாத பாகத்தை வாங்கினால், அந்தப் பாகத்தின் மதிப்புக்கும் மேற்சொன்ன 9 சதவீதம் உண்டு. பாத்தியம் மட்டும் என்றால் பத்திரத்தின் தன்மையைப் பொறுத்துத் தீர்வை மாறும். வரைவைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் காட்டி, தொகையைக் கேட்டுக்கொண்ட பிறகு நாள் குறியுங்கள். ஆவண எழுத்தர் கூலியை முதலிலேயே பேசிவிடுங்கள்.

9. பதிவு நாளும் அதன் பிறகும்

எழுதி முடித்துக் கையெழுத்திட்ட நாளிலிருந்து நான்கு மாதங்களுக்குள் ஆவணத்தைப் பதிவுக்குத் தாக்கல் செய்ய வேண்டும். தவிர்க்க முடியாத காரணம் இருந்தால் மேலும் நான்கு மாதங்கள் வரை அபராதத்துடன் அனுமதி பெறலாம். அபராதம் பதிவுக் கட்டணத்தைப் போலப் பத்து மடங்கு வரை போகக்கூடும். பாதை கொடுப்பவரும் அதே நாளில் வர வேண்டியிருந்தால், அவருக்கும் இரு சாட்சிகளுக்கும் அடையாள அட்டை வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கையெழுத்திடும் முன் சொத்து விவரத்தை ஒருவர் உரக்கப் படிக்க, மற்றவர் புலப்படத்தைக் கையில் வைத்துக்கொண்டு எண்களை ஒப்பிடுங்கள். சர்வே எண்ணின் உட்பிரிவில் ஓர் இலக்கம் மாறினாலும் பாதை வேறொருவர் வயலில் போய் விழும். பிழை பிறகு தெரிந்தால் பிழைதிருத்தல் ஆவணம் எழுதலாம். ஆனால் அதற்கு விற்பவர் மறுபடி வந்து கையெழுத்திட வேண்டும், விடுபட்ட உரிமையைப் புதிதாகச் சேர்ப்பதைப் பிழைதிருத்தமாக ஏற்க அலுவலகம் மறுக்கவும் கூடும்.

பதிவு முடிந்து சில நாள்கள் கழித்து, உங்கள் சர்வே எண்ணுக்கும் பாதை, கிணறு உள்ள சர்வே எண்களுக்கும் வில்லங்கம் போட்டு, புதிய பதிவு எல்லாவற்றிலும் தெரிகிறதா என்று பாருங்கள். உட்பிரிவு தேவைப்படாத நிலம் என்றால் பட்டா பெயர் மாற்றம் பெரும்பாலும் பதிவோடு இணைந்து நடந்துவிடும். உட்பிரிவு என்றால் நில அளவர் வரும் நாளில் நீங்கள் அங்கே இருந்து, பாதையின் அகலத்தை அளக்கச் சொல்லி இருபுறமும் கல் நடுங்கள். பக்கத்து நிலத்துக்காரர் எதிரிலேயே அது நடக்கட்டும். மின் இணைப்புப் பெயர் மாற்ற விண்ணப்பத்தையும் அந்த வாரத்திலேயே கொடுத்துவிடுங்கள். பாதையைப் பயன்படுத்தாமலும் விட்டுவிடாதீர்கள். தொடர்ந்து 20 ஆண்டுகள் அனுபவிக்காத வசதியுரிமை அற்றுப்போகும் என்று வசதியுரிமைச் சட்டத்தின் 47ஆம் பிரிவு சொல்வதால், வெளியூரில் இருப்பவர்கள் நிலத்தைக் குத்தகைக்கு விட்டாலும், குத்தகைதாரர் அந்தப் பாதையிலேயே சென்றுவர வேண்டும் என்று குத்தகைச் சீட்டில் எழுதிவையுங்கள்.